புரோபயாடிக் ஜீனோம் செய்திகளில் வரும் ‘ஆகவே’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இட்லி மாவு, பழையசோறு, தயிர், தாய்ப்பால் என ஏதோ ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த லாக்டிக் அமில பாக்டீரியாவின் முழு ஜீனோமையும், அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதையும், வரிசைப்படுத்திவிட்டார்கள். ஆகவே அது பாதுகாப்பானது, உடலுக்கு நல்லது, அதாவது புரோபயாடிக் (நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரி). இப்படி முடியும் செய்திகளை அறிவியல் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறோம். அந்த ‘ஆகவே’ பற்றித்தான் இந்தக் கடிதம். வரிசைப்படுத்தல் என்ன சொல்லும், எதைச் சொல்லாது, எந்த இடத்தில் தப்பாகச் சொல்லும் என்பது தெரிந்தால் செய்தி எழுதுபவரும் படிப்பவரும் சரியான கேள்வியைக் கேட்கலாம். இத்துறைக்கு வரும் முதுநிலை மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் செய்முறை விவரங்களைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் முதன்முதலாக முழு ஜீனோம் வெளியானது 2001-இல். பாலாடைக்கட்டித் தயாரிப்பில் பயன்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் ஐ.எல்.1403 அது, சுமார் 23.7 லட்சம் எழுத்துகள் (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி). 2003-இல் நெதர்லாந்துக் குழு ஒன்று லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 ஜீனோமை வெளியிட்டது. சுமார் 33 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு குரோமோசோம், அதோடு மூன்று பிளாஸ்மிட்கள் (குரோமோசோமுக்கு வெளியே தனியே இருக்கும் சிறு டி.என்.ஏ. வட்டங்கள்). அன்று அது பல பேர் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. இன்று மாதிரியைக் கையில் எடுத்ததிலிருந்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம். வரிசைப்படுத்தியதே செய்தியாக இருந்த காலம் போய்விட்டது.

முதலில் பெயர். பிளாண்டாரம் என்பது நெல் என்று சொல்வது போல. கிச்சிலிச் சம்பாவா, ஐ.ஆர்.20-ஆ என்பதைச் சொல்லாமல் நெல்லின் குணத்தைப் பேச முடியாது. பாக்டீரியாவில் அந்த ரகப் பெயருக்குத்தான் ஸ்ட்ரெயின் என்று பெயர். மருத்துவச் சோதனைகள் எல்லாமே ஸ்ட்ரெயினைச் சார்ந்தவை. ராம்னோசஸ் இனத்தில் எல்ஜிஜி என்ற ஸ்ட்ரெயின் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குச் சோதிக்கப்பட்டது என்றால், அந்தப் பலனை அதே இனத்தின் இன்னொரு ஸ்ட்ரெயினுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. 2009-இல் எல்ஜிஜியின் ஜீனோமை, பால்பொருள்களில் பயன்படும் எல்.சி.705 என்ற ஸ்ட்ரெயினோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ராம்னோசஸ்தான், இரண்டுக்கும் ஜீனோம் அளவு ஏறக்குறைய 30 லட்சம் எழுத்துகள். ஆனால் எல்ஜிஜியில் மட்டும் ஒரு மரபணுத் தீவில் ஸ்பா-சி, ஸ்பா-பி, ஸ்பா-ஏ என்ற மரபணுக்கள் இருந்தன. அவை செல்லின் மேல் மயிரிழை போன்ற பைலஸ் என்ற நீட்சிகளை உண்டாக்குபவை; குடலின் சளிப்படலத்தைப் பற்றிக்கொள்ள உதவுபவை. எல்.சி.705-இல் அவை இல்லை. ஜீனோம் வரிசை உண்மையிலேயே பயன்பட்ட இடம் இது. இந்த எல்ஜிஜி பற்றி இன்னொரு சங்கதியும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பிளாண்டாரம் இப்போது லாக்டிபிளாண்டிபேசில்லஸ், ராம்னோசஸும் காசேயும் லாக்டிகேசிபேசில்லஸ், ரியூட்டரி லிமோசிலாக்டோபேசில்லஸ். இந்தப் பிரிப்பு முழு ஜீனோம் ஒப்பீட்டை வைத்துச் செய்யப்பட்டது. கடையில் வாங்கும் டப்பாவில் பழைய பெயரே இருந்தால் அது மோசடி ஆகாது. ஸ்ட்ரெயின் எண் மாறவில்லையா என்று பார்த்தால் போதும்.

பல ஆய்வகங்களில் இன அடையாளத்துக்கு இன்னமும் 16எஸ் என்ற ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பிளாண்டாரம், பென்டோசஸ், பாராபிளாண்டாரம் மூன்றுக்கும் 16எஸ் வரிசை 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போகும். அதை வைத்து இது பிளாண்டாரம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முழு ஜீனோம் இருந்தால், அந்த இனத்துக்கு அடையாளமாக வைத்திருக்கும் வகைமாதிரி ஸ்ட்ரெயினோடு சராசரி எழுத்து ஒற்றுமை எவ்வளவு என்று கணக்கிடலாம். 95 முதல் 96 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் ஒரே இனம். 16எஸ்-இல் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் பிளாண்டாரமும் பென்டோசஸும் இந்தக் கணக்கில் அந்த எல்லைக்கு வெகு கீழே விலகிவிடும். ஒப்பிட எடுக்கும் ஜீனோம் வகைமாதிரி ஸ்ட்ரெயினுடையதாக இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் முதலில் வந்து நிற்கும் ஏதோ ஒரு ஜீனோமோடு ஒப்பிட்டால், அதற்கு யாரோ தப்பாக வைத்த பெயர் நம் பாக்டீரியாவுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இனி ஆய்வகத்துக்குள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. புளித்த மாவில் லூகோனோஸ்டாக், பெடியோகாக்கஸ், என்டரோகாக்கஸ், வைசெல்லா, கூடவே ஈஸ்ட் எல்லாம் கலந்து கிடக்கும். தட்டில் எடுத்த ஒரு காலனி அந்தக் காலனிக்கு மட்டுமே சாட்சி. எம்.ஆர்.எஸ். அகாரில் (இந்த பாக்டீரியாக்களை வளர்க்கும் ஊடகம்) கோடிழுத்து, 30 அல்லது 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வைத்து, தனிக் காலனியை எடுத்து மறுபடி கோடிழுக்க வேண்டும். குறைந்தது மூன்று முறை. மாவிலிருந்து நேராக எடுக்கும்போது ஈஸ்ட் தொல்லை இருந்தால் நாட்டமைசின் அல்லது சைக்ளோஹெக்சிமைடு சேர்க்கலாம். மூன்று முறை என்பதை அலுப்பில் ஒரு முறையாக்கினால் கலப்பு வளர்ப்பு உள்ளே போய்விடும். ஜீனோமை ஒட்டிச் சேர்த்த பிறகு 33 லட்சம் வர வேண்டிய இடத்தில் 52 லட்சம் வந்து நிற்கும். அதையும் புதுமையான பெரிய ஜீனோம் என்று எழுதத் துணிபவர்கள் உண்டு.

டி.என்.ஏ. பிரிப்பதில்தான் இந்த பாக்டீரியாக்கள் பிடிவாதம் காட்டும். இவை கிராம்-பாசிட்டிவ், தடித்த செல்சுவர். ஈ.கோலைக்கு எழுதிய செய்முறையை அப்படியே போட்டால் செல்கள் உடையாமல் அடியில் படிந்துவிடும். 10 மி.லி. எம்.ஆர்.எஸ். திரவத்தில் வளர்த்து, வளர்ச்சி வேகமாக இருக்கும் கட்டத்தின் கடைசியிலேயே அறுவடை செய்வது நல்லது. இரவு முழுக்க விட்டு மறுநாள் மதியம் எடுத்தால் ஊடகம் நன்றாகப் புளித்திருக்கும், செல்சுவர் இறுகியிருக்கும், பாதிச் செல்கள் செத்து அவற்றின் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். செல்களைச் சுழற்றி இறக்கி இரண்டு முறை கழுவ வேண்டும். பிறகு ஒரு மி.லி.க்கு 20 மி.கி. வீதம் லைசோசைம் கரைத்த பஃபர் அரை மி.லி., அதில் மியூட்டனோலைசின், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். லைசோசைம் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். பல லாக்டோபேசில்லஸ்களின் செல்சுவரில் அசிட்டைல் தொகுதிகள் ஒட்டியிருப்பதால் லைசோசைமுக்கு அவை மசிவதில்லை. மியூட்டனோலைசின் அந்தச் சுவரையும் அறுக்கும். அடுத்து எஸ்.டி.எஸ்., புரோட்டினேஸ்-கே, 55 டிகிரியில் இன்னொரு மணி நேரம். கலங்கிய திரவம் தெளிந்து, கஞ்சி போலக் கொழகொழப்பானால் செல் உடைந்துவிட்டது என்று அர்த்தம். தெளியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பொறுமையில்லாதவர்கள் கண்ணாடி மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைப்பார்கள். செல் உடையும், கூடவே டி.என்.ஏ.வும் சில ஆயிரம் எழுத்து நீளத் துண்டுகளாக நறுங்கிவிடும். டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு முறைக்கு அது பரவாயில்லை. நீளத்துண்டு முறைக்குப் போவதாக இருந்தால் மணியைத் தொடவே கூடாது. பிப்பெட் முனையும் அகன்ற வாய் உடையதாக இருக்க வேண்டும், அடிக்கடி உறையவைத்து இளக்கக் கூடாது.

அடுத்த தொல்லை பிசுக்கு. சில ஸ்ட்ரெயின்கள் செல்லுக்கு வெளியே சர்க்கரைச் சங்கிலிகளைச் சுரக்கும். சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் வளர்த்த லூகோனோஸ்டாக்கில் டெக்ஸ்ட்ரான் நூல் நூலாக வரும். அது டி.என்.ஏ.வோடு சேர்ந்தே ஆல்கஹாலில் வீழ்படிந்து, பின்னால் நொதிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஒளியை வைத்து டி.என்.ஏ.வின் சுத்தத்தையும் அளவையும் பார்க்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக வந்திருக்கும். 260/230 மட்டும் 1-க்குக் கீழே கிடக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் லைப்ரரி (கருவியில் ஏற்றத் தயார்செய்த டி.என்.ஏ. தொகுப்பு) தயாரிப்பு பாழ். சிடாப் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து குளோரோஃபார்மில் ஒரு முறை சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அளவுக்கு நானோடிராப்பை நம்ப வேண்டாம். ஆர்.என்.ஏ. மிச்சமிருந்தால் அதையும் டி.என்.ஏ. கணக்கில் சேர்த்துக் காட்டும். நானோடிராப் 200 என்று சொன்னதை, டி.என்.ஏ.வை மட்டும் அளக்கும் கியூபிட் கருவி 40 என்று சொல்வது சாதாரணம். நம்ப வேண்டியது கியூபிட்டை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதியைச் சேர்க்க மறந்ததன் அடையாளமும் அதுவே.

குறுந்துண்டு முறையில், அதாவது இல்லுமினா கருவியில், ஒவ்வொரு டி.என்.ஏ. துண்டையும் இரு முனையிலிருந்தும் 150 எழுத்துகள் படிப்பார்கள். 33 லட்சம் எழுத்துள்ள ஜீனோமை நூறு மடங்கு படிக்க 33 கோடி எழுத்துகள் வேண்டும்; ஒரு இணைக்கு 300 எழுத்து என்றால் 11 லட்சம் இணைகள். அதற்கு மேல் பணம் கட்டுவது வீண். 30 மடங்குக்குக் கீழே போனால் இடைவெளிகள் விழும். எழுத்துப் பிழை இதில் மிகக் குறைவு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிளாண்டாரத்தில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுத் தொகுப்பு ஐந்து இடங்களில் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5,000 எழுத்து நீளம். இடம் மாறித் தாவும் வரிசைகளும் பல பிரதிகள் கிடக்கும். 150 எழுத்துத் துண்டு இவற்றைத் தாண்டி அடுத்த கரையைப் பார்க்க முடியாது. அதனால் ஜீனோம் ஒரே வட்டமாக வராமல் ஐம்பது, நூறு கான்டிக்குகளாக, அதாவது ஒன்றோடொன்று இணையாத பகுதிகளாக, சிதறி நிற்கும். இதை ‘வரைவு ஜீனோம்’ என்பார்கள். ‘முழு ஜீனோம்’ என்று பத்திரிகைக் குறிப்பில் எழுதப்படுவதில் கணிசமானவை இந்த வரைவுகளே.

வரைவு என்றால் மட்டம் என்று பொருளில்லை. இன அடையாளத்துக்கும், ஒரு மரபணு இருக்கிறதா என்று தேடுவதற்கும் அது போதும். ஆனால் மருந்து எதிர்ப்பு மரபணு ஒன்று கிடைத்தால், அது குரோமோசோமில் இருக்கிறதா பிளாஸ்மிட்டில் இருக்கிறதா என்ற கேள்விக்கு வரைவு பெரும்பாலும் கைவிரித்துவிடும். தாவும் வரிசைகளுக்குப் பக்கத்தில்தான் அந்த மரபணு இருக்கும். கான்டிக் உடையும் இடமும் அதுவேதான். பாதுகாப்புக்கு வேண்டிய பதில் சரியாக உடைந்த இடத்தில் போய் விழுகிறது.

நானோபோர் போன்ற நீளத்துண்டு முறை இதைத் தீர்க்கும். 10,000, 20,000 எழுத்து நீளமான துண்டுகள் ரைபோசோம் தொகுப்பைச் சுலபமாகத் தாண்டும். ஜீனோம் ஒரே வட்டமாக மூடிக்கொள்ளும். இதன் பலவீனம், ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எண்ணுவது. ஒரு எழுத்து குறைந்தாலும் மரபணு நடுவில் முறிந்ததாகத் தெரியும். புதிய ஆர்10.4.1 பாய்வுக் கலங்களில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் மென்பொருள்களில் ஃப்ளை கொண்டு ஒட்டி, மெடாக்காவில் திருத்தி, கடைசியில் இல்லுமினா துண்டுகளை வைத்துப் பாலிபாலிஷில் ஒரு முறை மெருகேற்றுவதே பாதுகாப்பான வழி.

இன்னொரு பொறி சின்னப் பிளாஸ்மிட்கள். டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1-இன் மூன்று பிளாஸ்மிட்களில் ஒன்று 36,069 எழுத்துகள்; மற்ற இரண்டும் 1,917, 2,365 எழுத்துகள் மட்டுமே. லிகேஷன் வகை லைப்ரரியில் முனைகள் திறந்த டி.என்.ஏ.வில்தான் அடாப்டர் (கருவி படிக்கத் தேவையான இணைப்புத் துண்டு) ஒட்டும். சின்ன வட்டங்கள் உடையாமல் வட்டமாகவே இருந்தால் அவை படிக்கப்படாமலே போகும். நீளமானவற்றை மட்டும் பொறுக்கும் படி ஒன்றைச் சேர்த்தால் மிச்சமும் போய்விடும். ரேப்பிட் வகை லைப்ரரி நொதியே வட்டத்தை வெட்டி ஒட்டுவதால் அதில் இந்தக் குறை குறைவு. அதனால், ‘பிளாஸ்மிட் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் எந்த லைப்ரரி என்று கேட்கலாம்.

ஒட்டிச் சேர்த்த பிறகு மூன்று எண்களைப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. மொத்த நீளம் அந்த இனத்துக்குப் பொருந்துகிறதா. செக்-எம் என்ற மென்பொருளின் கணக்கில் முழுமை 95 விழுக்காட்டுக்கு மேலும் கலப்பு 5-க்குக் கீழும் இருக்கிறதா. ஒவ்வொரு கான்டிக்கும் எத்தனை மடங்கு படிக்கப்பட்டிருக்கிறது. குரோமோசோம் நூறு மடங்கு இருக்கும்போது ஒரு சின்ன வட்டம் எழுநூறு மடங்கு இருந்தால் அது பல பிரதிகளுள்ள பிளாஸ்மிட். நூறுக்கு எதிரே இரண்டு மடங்கு மட்டும் இருக்கும் கான்டிக், பக்கத்து மாதிரியிலிருந்து கசிந்து வந்த குப்பை. அந்தக் குப்பையில் ஒரு மருந்து எதிர்ப்பு மரபணு இருந்துவிட்டால் நல்ல ஸ்ட்ரெயின் ஒன்று வீண் பழி சுமக்கும். ஒரே இனத்தின் இரண்டு ஸ்ட்ரெயின்கள் கலந்திருந்தால் செக்-எம் பல சமயம் காட்டிக்கொடுக்காது. துண்டுகளைத் திரும்ப ஜீனோமின் மேல் பொருத்திப் பார்த்தால், ஒரே இடத்தில் பாதித் துண்டுகள் ஏ என்றும் பாதி ஜி என்றும் சொல்லும். அப்போது மறுபடி தட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது பாதுகாப்பு. மருந்து எதிர்ப்பு மரபணுவை கார்டு, ரெஸ்ஃபைண்டர், ஏ.எம்.ஆர்.ஃபைண்டர் போன்ற தரவுத்தளங்களில் தேடுவார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் குறைந்தது இரண்டு தரவுத்தளங்களில் தேடச் சொல்கிறது. 80 விழுக்காடு ஒற்றுமையும் தரவுத்தள வரிசையின் நீளத்தில் 70 விழுக்காடும் பொருந்தினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. இந்த எல்லையை வைக்காமல் தேடினால் எந்த லாக்டோபேசில்லஸும் பயங்கரமாகத் தெரியும். வான்கோமைசின் எதிர்ப்பைத் தரும் வான்-ஹெச் என்ற மரபணு அடிப்படையில் டி-லாக்டேட் உண்டாக்கும் நொதி வகையைச் சேர்ந்தது. லாக்டிக் அமில பாக்டீரியாவில் டி-லாக்டேட் நொதி இருப்பதில் என்ன ஆச்சரியம்? தளர்ந்த தேடலில் அதன் சொந்த நொதியே வான்-ஹெச் என்று வந்து நிற்கும். மேலும் பிளாண்டாரம், ராம்னோசஸ், லூகோனோஸ்டாக், பெடியோகாக்கஸ் ஆகியவற்றின் செல்சுவர் முனையில் டி-அலனின் இருக்க வேண்டிய இடத்தில் டி-லாக்டேட் இருக்கிறது. வான்கோமைசினுக்கு அங்கே பிடிமானம் இல்லை. இது பிறவிக்குணம், பிற பாக்டீரியாவுக்குக் கைமாறும் சரக்கில்லை. ‘புரோபயாடிக்கில் வான்கோமைசின் எதிர்ப்பு’ என்று தலைப்புப் போடும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

கைமாறும் சரக்குக்கு நல்ல உதாரணம் ரியூட்டரி. ஏ.டி.சி.சி. 55730 என்ற ஸ்ட்ரெயின் உலகச் சந்தையில் இருந்த புரோபயாடிக். அதன் ஜீனோமைப் பார்த்தபோது ஒரு பிளாஸ்மிட்டில் டெட்ராசைக்ளின் எதிர்ப்புக்கான டெட்-டபிள்யூ மரபணுவும், இன்னொன்றில் லின்கோமைசின் எதிர்ப்புக்கான எல்.என்.யூ.-ஏ மரபணுவும் இருந்தன. பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் அது குரோமோசோமில் நேர்ந்த எழுத்து மாற்றங்களால் வந்தது, தாவாது. ஆகவே அந்த இரண்டு பிளாஸ்மிட்களை மட்டும் செல்லிலிருந்து நீக்கி, மற்ற குணங்கள் மாறவில்லை என்று சோதித்து, டி.எஸ்.எம். 17938 என்ற பெயரில் புதிய ஸ்ட்ரெயினை உருவாக்கினார்கள். 2008-இல் இந்த வேலை வெளியானது. மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நம் மாவிலோ மோரிலோ எடுத்த ஸ்ட்ரெயினில் டெட்-எம் மரபணு கிடைத்தால், இரண்டு பக்கமும் பத்தாயிரம் எழுத்தாவது படித்துப் பார்க்க வேண்டும். மரபணுவை இடம் மாற்றும் டிரான்ஸ்போசேஸ், இன்டக்ரேஸ், அல்லது பிளாஸ்மிட் பிரதி மரபணு ஏதாவது பக்கத்தில் இருந்தால் அந்த ஸ்ட்ரெயினை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

மரபணு இல்லை என்பதோடும் வேலை முடியாது. ஐ.எஸ்.ஓ. 10932 முறையில், ஐசோ-சென்சிடெஸ்ட் திரவம் 90 பங்கும் எம்.ஆர்.எஸ். 10 பங்கும் கலந்த ஊடகத்தில், ஒவ்வொரு மருந்துக்கும் வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவைப் பார்க்க வேண்டும். வெறும் எம்.ஆர்.எஸ்.-இல் செய்தால் அமிலமும் ஊடகத்தின் பிற சரக்குகளும் மருந்தின் செயலைத் திரித்துவிடும். தட்டில் வட்டு வைத்து மில்லிமீட்டர் அளந்து ‘உணர்திறன் உள்ளது’ என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. லாக்டோபேசில்லஸுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

என்டரோகாக்கஸ் தனிக் கதை. மாவிலும் தயிரிலும் சாதாரணமாகக் கிடைக்கும், நன்றாக வளரும், மாணவர்களின் கைக்கு முதலில் வருவதும் அதுவே. ஆனால் அதே இனத்தில் மருத்துவமனைத் தொற்றுக்குக் காரணமானவையும் இருக்கின்றன. ஃபீசியம் ஸ்ட்ரெயின் என்றால் ஐ.எஸ்.16, இ.எஸ்.பி., ஹெச்.ஒய்.எல். என்ற மூன்று அடையாளங்களும் இல்லை என்று காட்ட வேண்டும். ஆம்பிசிலினுக்கு லிட்டருக்கு 2 மி.கி. அல்லது அதற்குக் கீழே அடங்க வேண்டும். இதைச் சொல்லாத என்டரோகாக்கஸ் புரோபயாடிக் செய்தியை நான் நம்புவதில்லை. இதே தேடலில் ஹிஸ்டமின், டைரமின் உண்டாக்கும் டிகார்பாக்சிலேஸ் மரபணுக்களையும் பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை.

நன்மை என்று வரும்போது ஜீனோமின் சாட்சி இன்னும் மெலிந்துபோகிறது. பித்த உப்பைச் சிதைக்கும் பி.எஸ்.ஹெச். மரபணு இருக்கிறது, ஆகவே கொலஸ்ட்ரால் குறைக்கும் என்பது மிகப் பிரபலமான வாதம். டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1-இல் அப்படிப் பெயரிடப்பட்ட மரபணுக்கள் நான்கு இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, பித்த உப்பைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கும் முதலாவது ஒன்றினுடையது என்று தெரிந்தது; மற்ற மூன்றும் பெனிசிலின் அசைலேஸ் குடும்பத்து வேலையையே அதிகம் காட்டின. கணினி வைத்த பெயர் என்பது உறவுமுறையைப் பார்த்துச் செய்யும் ஊகம். ஏட்டுச் சுரைக்காய். அதே ஜீனோமை 2012-இல் மறுபடி வரிசைப்படுத்தி, முதல் வரிசையில் இருந்த எழுத்துப் பிழைகளையும் மரபணுப் பெயர்களையும் திருத்தினார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

எல்ஜிஜியின் மிச்சக் கதை இதுதான். அதன் பைலஸ் மரபணுக்கள் இருக்கும் தீவைச் சுற்றித் தாவும் வரிசைகள் இருக்கின்றன. சந்தைப் பொருள்களிலிருந்து பிரித்த எல்ஜிஜி வளர்ப்புகளை வரிசைப்படுத்தியபோது, சிலவற்றில் அந்தப் பகுதியே காணாமல் போயிருந்தது. பெயர் அதுதான், டப்பா அதுதான், பற்றிக்கொள்ளும் மயிரிழை மட்டும் இல்லை. பாலிலும் ஊடகத்திலும் தலைமுறை தலைமுறையாக வளரும்போது, குடலில் மட்டும் தேவைப்படும் மரபணு சுமையாகி உதிர்ந்துவிடுகிறது. எனவே உறைபெட்டியில் இருக்கும் தாய் வளர்ப்பின் ஜீனோம் மட்டும் போதாது. தயாரிப்பின் கடைசியில் பொட்டலத்திலிருந்து எடுத்த காலனிகளையும் அவ்வப்போது படித்து, தாயோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 99.99 விழுக்காடு என்பது இதற்குப் போதாது. 30 லட்சம் எழுத்தில் 0.01 விழுக்காடு என்றாலே 300 எழுத்து மாற்றங்கள். காணாமல் போன தீவோ அந்தக் கணக்கில் வரவே வராது. இரண்டு பக்கமும் இருக்கும் பகுதிகளை மட்டுமே அது ஒப்பிடும்.

இட்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் 2001-இல் வகுத்த வரையறைப்படி, போதிய அளவில் உட்கொண்டால் நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக். ஆவியில் பத்து நிமிடம் வெந்த இட்லியில் உயிருள்ள லாக்டிக் அமில பாக்டீரியா மிஞ்சாது. இவை வித்து விடும் வகையில்லை. மாவு புளித்ததால் கிடைக்கும் மென்மையும் செரிமானமும் உண்மை, அது வேறு விஷயம். மாவிலிருந்து எடுத்த ஸ்ட்ரெயின் புரோபயாடிக் ஆகலாம், இட்லி ஆகாது. பழையசோறும் மோரும் சூடாக்காமல் உண்பவை என்பதால் அந்த வாதத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் அங்கும் எந்த ஸ்ட்ரெயின், எத்தனை கோடி என்ற கேள்விக்கு ஜீனோம் பதில் சொல்லாது; தட்டில் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஸ்ட்ரெயின் அளவிலான அடையாளம், பாதுகாப்புச் சோதனை, மனிதரிடம் சோதனை மூன்றையும் கேட்கின்றன. ஸ்ட்ரெயினைச் சண்டிகர் அல்லது புணேயில் உள்ள வளர்ப்புச் சேமிப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்கலாம். மற்றவர் வாங்கிச் சோதித்துப் பார்க்க அதுவே வழி. ஜீனோமுக்கும் பொதுத் தரவுத்தளப் பதிவெண் உண்டு. ஒட்டிச் சேர்த்த ஜீனோமை மட்டும் போடாமல், கருவியிலிருந்து வந்த மூலத் துண்டுகளையும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் மேலே சொன்ன கசிவையும் கலப்பையும் வெளியார் யாரும் சரிபார்க்க முடியாது.

ஆகவே, தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பத்திரிகைக் குறிப்பு மேசைக்கு வந்தால், ஸ்ட்ரெயின் எண், சேமிப்பக எண், ஜீனோம் பதிவெண், மூடிய வட்டமா வரைவா, எதிர்ப்பு மரபணு எந்த எல்லை வைத்துத் தேடப்பட்டது, மருந்து அளவுச் சோதனை செய்யப்பட்டதா, மனிதரிடம் சோதனை நடந்ததா என்பவற்றைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் வேலை செய்தவருக்கு இதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், ‘பாதுகாப்புக்கான முதற்கட்டச் சோதனையில் தேறிய ஸ்ட்ரெயின்’ என்று எழுதலாம். அதுவே அந்த ஆய்வாளர்களுக்கும் நியாயம் செய்யும்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர்,
கோயம்புத்தூர்.